மெத்தை வைத்த கை

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் போகிற பஸ்ஸில் ஒரு நாள் காலை, கண்டக்டர் நல்ல பருமனான ஓர் அம்மாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணா, ரெண்டாங்க?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது அவரோடு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. அவர் முறைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "ரெண்டு கொடுங்க" என்றார். இரண்டு டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு, ஒரு முழு சீட்டில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இடத்தில் தன் குடையைப் படுக்க வைத்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் குடையை எடுக்கச் சொன்னார். அதற்கும் டிக்கெட் வாங்கியிருப்பதாகச் சொல்லி எடுக்க மறுத்துவிட்டார். கூட்டம் ஏற ஏறக் கண்டக்டரே வந்து கெஞ்சினான். அவர் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் வரைக்கும் குடை உட்கார்ந்துகொண்டு வந்தது, ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள்.

மறுநாளும் இரண்டு டிக்கெட் கேட்டார். அதற்கு அடுத்த நாளும் கேட்டார். வாரக் கடைசியில் அந்தக் கண்டக்டர் அவர் ஏறும்போதே, "ஒண்ணு போதும் டீச்சர், அன்னிக்குத் தெரியாம வாய் தவறிடுச்சு" என்றான். அதற்குப் பிறகுதான் குடையைக் காலடியில் வைத்தார்.

ஒன்றைப் பிடித்தால் அவர் விடமாட்டார் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி என் இடது கை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டின் முன்பகுதியில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். கண்டோன்மென்ட்டில் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். இரண்டு பேர் சாப்பாடும் என் பத்து விரலை நம்பி நடந்தது. பின்பகுதியில் குடியிருந்தவர்தான் அவர். டவுனில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. உப்பிலியபுரத்தில் விவசாயக் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் அவர் 'காலேஜ் டீச்சர்'. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவர் நல்ல குண்டு. சுற்றி வளைத்துச் சொன்னால் அவருக்கே பிடிக்காது. "பூசினாப்பல உடம்பு" என்று அம்மா ஒரு தடவை நாசூக்காகச் சொன்னபோது, "பூசலைங்கம்மா, உள்ளேயிருந்து வந்தது" என்று திருத்தினார்.

வீட்டுக்காரர் வீட்டு மாமி ரொம்ப மடி. கல்லூரியில் எதை அறுக்கிறீர்கள் என்று கேட்டு, தவளையும் எலியும் என்று பதில் வந்ததும் மாமிக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. "அறுத்த கையோட எங்காத்துக் கிணத்தைத் தொடப்படாது, சொல்லிட்டேன்" என்று நிபந்தனை போட்டார். டீச்சர் தனக்கென்று வாளியும் கயிறும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வந்ததும் கொல்லைப்புற வழியாகவே நுழைந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். மார்கழிக் குளிரில் மாமிக்கே மனம் கேட்காமல், இன்றைக்கு வேண்டாம், கை கால் அலம்பினால் போதும் என்றிருக்கிறார். "எனக்குக் குளிராது மாமி. தோலுக்கு அடியிலேயே கம்பளி போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வாளியைக் கவிழ்த்துக்கொண்டார்.

'அது சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு' என்று யாராவது எதையாவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. கமலா ஆரஞ்சு உரித்தால் சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை நாமெல்லாம் உட்கார்ந்து பிய்த்துப் போடுவோம். அவர் நாரோடு வாயில் போட்டுக்கொள்வார். அந்த நார் இல்லாவிட்டால் சுளைகள் ஒன்றோடு ஒன்று நசுங்கிப்போயிருக்கும் என்பார். கல்லூரிக்குக் கண்ணாடிச் சாமான் வந்து இறங்கினால், கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் பெட்டிக்குள் திணித்திருக்கும் வைக்கோலைப் பார்ப்பார். உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் இதயம், மூளை, ஈரல் என்று பெரிய மனிதர்களையே சுற்றி வருகிறார்கள் என்பது அவருடைய குறை. அவற்றைக் கட்டி, தாங்கி, ஒன்றோடு ஒன்று உரசாதபடி நடுவில் நிற்கும் வெள்ளைச் சவ்வையும் நாரையும் கொழுப்பையும் ஒருவரும் மதிப்பதில்லை. கல்லூரியில் வேறு யாரும் எடுக்க விரும்பாததால்தான் இணைப்புத் திசுப் பாடம் அவர் தலையில் விழுந்ததாம். விழுந்ததை அவர் இறக்கி வைக்கவே இல்லை.

ஒரு தடவை செய்முறைப் பரீட்சை. எலியின் தோலுக்கு அடியில் மெல்லிசாக ஒரு சவ்வு இருக்கும். அதை ஊசியால் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் போட்டுக் காட்ட வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி, ஆசாரமான வீட்டுப் பிள்ளை. தோலில் ஒட்டியிருந்த வெள்ளையை எல்லாம் அழுக்கு என்று நினைத்து வழித்து எறிந்து, தண்ணீரில் நாலு தரம் அலசி, பளபளவென்று தோலை மட்டும் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். கேட்டதை வாளியில் கொட்டிவிட்டாள், கேட்காததைக் கழுவிக் கொண்டுவந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிரித்துவிட்டு முட்டை போடப் போனாராம். டீச்சர் விடவில்லை. அந்தப் பெண்ணை வாளிக்குள் கையை விடச் சொல்லி, வழித்துப் போட்டதைத் தேடி எடுக்க வைத்து, அதிலிருந்தே தகடு தயார் பண்ண வைத்திருக்கிறார். பெண் அழுதுகொண்டே செய்தாள். தகடு நன்றாகவே வந்ததாம்.

இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னது என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது. நான் அலறாமல் இருப்பதற்காகச் சொன்னார். அலறினேன்.

விரலுக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் காப்பிக்கு வெந்நீர் வைக்கப் பம்ப் ஸ்டவ்வை மூட்டினேன். எண்ணெய் வழிந்து குப்பென்று பிடித்துக்கொண்டது. பாத்திரத்தைத் தள்ளப் போன இடது கையில், மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைப் பக்கமாக வெந்துபோயின. அம்மா பதறிப்போய் என் பேனா மைப் புட்டியை அப்படியே கையில் கவிழ்த்தாள். அது போதாதென்று அதன் மேல் இட்லி மாவை அப்பினாள். புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கை கை மாதிரியே இல்லை. அங்கிருந்த நர்ஸ் மாவைச் சுரண்டி, மையைக் கழுவி, அதற்கப்புறம் காயத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

காயம் ஆறியது. ஆறின பிறகுதான் வினை ஆரம்பித்தது. மோதிர விரல் ஓரளவு தப்பித்துக்கொண்டது. சுண்டுவிரல் நாளுக்கு நாள் உள்ளங்கையைப் பார்த்து மடங்க ஆரம்பித்தது. மடக்கி வைத்தால் சுகமாக இருந்தது, நீட்டினால் சுரீரென்று இழுத்தது. அம்மா, பாவம், வலிக்கிற விரலுக்கு ஓய்வு வேண்டும் என்று ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கையை மூடினபடியே கட்டிவிட்டாள். அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட் நல்ல மனிதர்தான். பொங்கலுக்குள் வந்து தன் எதிரில் பழைய வேகத்தில் அடித்துக் காட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். டைப்ரைட்டரில் இடது சுண்டுவிரல் உட்கார வேண்டிய இடம் ஏ என்ற எழுத்து. இங்கிலீஷில் ஏ இல்லாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள், என் நிலைமை புரியும்.

நான் மூடின கையோடு வாசலில் உட்கார்ந்திருந்ததை டீச்சர் பார்த்தார். துணியை அவிழ்த்தார். அம்மா தடுக்க வந்தாள்.

"இது ஆறுது, ஆறுதுன்னு நீங்க நினைக்கறீங்க. இது தைக்குதும்மா. கிழிஞ்ச இடத்தை எப்படியாவது சேர்த்துடணும்னு இழுத்து இழுத்துத் தைக்குது. இவளுக்கு விரல் வேணும்னு அதுக்குத் தெரியாது. நாமதான் சொல்லணும்."

எப்படிச் சொல்வது என்று அம்மா கேட்டாள்.

"இழுத்துத்தான். புதுசா வர்ற நார் எந்தப் பக்கம் இழுக்கறோமோ அந்தப் பக்கமாத்தான் படுக்கும். இப்ப விட்டா மடங்கினபடியே படுத்துடும். அப்புறம் மெட்ராஸ்ல போய் அறுத்தாத்தான் உண்டு."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. அவருக்குக் குளியல் முடிந்ததும் எனக்குச் சித்திரவதை. என் கையை வெந்நீரில் ஊற வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, மேஜை மேல் குப்புற வைக்கச் சொல்வார். உள்ளங்கை மேஜையில் படும், சுண்டுவிரல் மட்டும் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். அதன் மேல் தன் கையை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறக்குவார். மற்ற எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவர் கை பிடித்திருந்தது. கொழுகொழுவென்று வெதுவெதுப்பாக இருக்கும், எலும்பே தட்டுப்படாது. அதை நான் ஒரு நாள் சொன்னேன்.

"ஆமா. எலும்புக் கை அமுக்கினா உனக்குக் குத்தும். என் கையில மெத்தை இருக்கு" என்றார். குதிகாலில் ஒரு மெத்தை, கண்ணுக்குப் பின்னால் ஒரு மெத்தை, சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு மெத்தை என்று எங்கெங்கே கொழுப்பு திண்டு போட்டு வைத்திருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். கொழுப்புச் செல் ஒவ்வொன்றும் ஒரு சொட்டு எண்ணெயை வயிற்றில் வைத்துக்கொண்டு, தன் உயிர்நாடியான உட்கருவைக்கூட ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு நிற்குமாம். உப்பிலியபுரத்து வீட்டு நெல் குதிர் மாதிரி, மழை பொய்த்த வருஷத்துக்கு என்று சேர்த்து வைக்குமாம். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதற்குள் விரல் அரை அங்குலம் இறங்கியிருக்கும், நான் அழுது முடித்திருப்பேன்.

அளவு பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அமுக்கி முடித்துக் கையை எடுத்ததும், என் சுண்டுவிரலுக்கு அடியில் எது நுழைகிறது என்று பார்ப்பார். முதலில் தீப்பெட்டி படுக்கை வசத்தில் தாராளமாகப் போய் வந்தது. பிறகு தீப்பெட்டி போகவில்லை. கல்லூரியிலிருந்து இரண்டு கண்ணாடித் தகடு கொண்டுவந்து சேர்த்துவைத்து நுழைத்தார். அப்புறம் ஒரு தகடு. என் அம்மா தன் பெண்ணின் விரலுக்கு அடியில் ஒருத்தி தினம் கண்ணாடியை விட்டு எடுப்பதைக் கதவோரம் நின்று பார்ப்பாள். டீச்சர் போன பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "வேலை போனாப் போகட்டும்டி, கஞ்சி குடிச்சுக்கலாம்" என்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். மறுநாள் சாயங்காலம் கொல்லையில் வாளிச் சத்தம் கேட்டதும் வெந்நீர் வைக்க எழுந்துவிடுவேன். அவர் பிடித்துவிட்டார், அவ்வளவுதான்.

விரல் ஓரளவு இறங்கியதும் ஒரு குதிரை வண்டியில் பழைய டைப்ரைட்டர் ஒன்று வந்து இறங்கியது. கல்லூரியில் மூலையில் கிடந்ததை அனுமதி வாங்கி எடுத்து வந்திருந்தார். சாவியெல்லாம் கல் மாதிரி இருந்தது. கூடவே ஸ்டென்சில் தாளும், அவர் கையெழுத்தில் பாடக் குறிப்பும். மாணவிகளுக்கு இணைப்புத் திசுவுக்குச் சரியான புத்தகம் இல்லை, நீ அடித்துக்கொடு, நான் சைக்ளோஸ்டைல் போட்டு வாரம் ஒரு தாள் கொடுக்கிறேன் என்றார். ஸ்டென்சில் என்பது மெழுகுத் தாள். எழுத்து ஓங்கி விழுந்து மெழுகு வெட்டுப்பட்டால்தான் மை இறங்கும். மெதுவாகத் தட்டினால் அந்த எழுத்து வராது. அவர் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்போஸ், ஏரியோலார், கொலாஜன், கார்ட்டிலேஜ். எங்கே பார்த்தாலும் ஏ. வேண்டுமென்றே என்னை வதைக்க இந்தப் பாடத்தை ஆண்டவன் படைத்தானா, இவர் படைத்தாரா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

முதல் தாளில் ஒரு ஏகூட விழவில்லை. நான் இரண்டாவது தாளில் புத்திசாலித்தனமாக ஒவ்வொரு ஏ வரும்போதும் வலது கை ஆள்காட்டி விரலால் எட்டித் தட்டினேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்ததுமே, "இந்த ஏ எல்லாம் யாரு அடிச்சது?" என்றார். ஆள்காட்டி விரல் குத்தின குத்தில் ஏ-யின் வயிறு எல்லா இடத்திலும் ஓட்டையாகியிருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் சொருகினார். விழுந்தால் விழட்டும், விழாவிட்டால் போகட்டும், அந்தச் சாவியை அந்த விரல்தான் தொட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அது பரவாயில்லை. அந்த ஓட்டை உடைசல் தாள்களை அப்படியே பிரதி எடுத்து வகுப்பில் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தபோதுதான் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. விட்ட எழுத்தைப் பேனாவால் போட்டாவது கொடுத்திருக்கக் கூடாதா? படித்த பெண்கள் அதைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? ஆறு வருஷமாகப் பிழை இல்லாமல் அடித்தவள் என்று பெயர் வாங்கினவள் நான். அன்று அவர் வந்தபோது கையைக் கொடுக்க மாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். என்னை அசிங்கப்படுத்திவிட்டீர்கள் என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அவர் உடம்பைப் பற்றிக்கூட. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உன் பேரு அதுல போடலை. ஏ விழுந்திருக்கா, இல்லையா, அதுதான் அதுல இருக்கு. சரி, கையைக் கொண்டா."

மன்னிப்பும் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கையை நீட்டினபடி நின்றார். காப்பி ஆறிப்போகிற நேரம் நின்றார். எனக்குத்தான் கால் வலித்தது. கையைக் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் டைபாய்டு காய்ச்சல் ஊரில் பரவலாக இருந்தது. ஒரு நாள் வாளிச் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் நெருப்பாகக் கொதிக்கும் உடம்போடு படுத்திருந்தார். அவருடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வெளியாட்கள் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. கடைசிப் பாடத்துக்கான குறிப்பு மட்டும் என் மேஜையில் கிடந்தது.

அமுக்க ஆள் இல்லாத முதல் நாட்களில், உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. பிறகு ஒரு நாள் எதற்கோ கையை மேஜையில் வைத்தவள் விரலுக்கு அடியில் வெளிச்சம் தெரிவதைப் பார்த்தேன். தகட்டை நுழைத்தேன். போயிற்று. இரண்டு தகட்டை நுழைத்தேன். அதுவும் போயிற்று. பயம் பிடித்துக்கொண்டது. நானே அமுக்கிப் பார்த்தேன். தன் கையைத் தானே அமுக்குவது நடக்கிற காரியமா? வலிக்கிற இடம் வந்ததும் வலது கை தானாக நின்றுவிடுகிறது. ஸ்டென்சிலைச் சொருகி அடித்தேன். பாதி ஏ காணோம். டைப்ரைட்டர் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரே என்பதற்கு அழுதேனா, விரலுக்கு அழுதேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அம்மா உள்ளே போனாள். அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணி கட்டி என் கையை மூடினாளே, அதே அம்மா. "டீச்சரம்மா கனத்துக்கு இது காணாது. இருந்தாலும் வை" என்றாள். வெந்நீர், எண்ணெய் எல்லாம் ஆன பிறகு, ஒரு தலையணையை மடித்து என் விரல் மேல் போட்டு, அதற்கு மேல் குழவியைப் படுக்க வைத்து, உருளாமல் தன் கையால் பிடித்துக்கொண்டாள். நான் கத்தினபோது அவளும் அழுதாள், ஆனால் கையை எடுக்கவில்லை. ஐப்பசி போய்க் கார்த்திகையும் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் துவையல் அரைக்கிற நேரம் மாறிவிட்டது.

கடைசிப் பாடத்தின் ஸ்டென்சிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது எல்லா ஏ-யும் இருந்தது. ஒன்றிரண்டு கொஞ்சம் மெல்லிசு, ஆனால் இருந்தது. டீச்சர் இல்லாததால் நானே கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அலுவலக அறையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். வராந்தாவில் ஒரு பெண் நான் வைத்திருந்த ஸ்டென்சிலையும் என் இடது கையையும் பார்த்தாள். உடனே உள்ளே ஓடினாள். ஒரு வகுப்பே வெளியே வந்து என்னைச் சுற்றி நின்றது. எல்லாரும் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்கள்.

"நீங்கதானே எங்க நோட்ஸ் அடிக்கிறவா?" என்று கேட்டாள் ஒருத்தி. வாளியில் கை விட்ட ஸ்ரீரங்கத்துப் பெண் அவள்தான் என்று பேச்சிலேயே தெரிந்துகொண்டேன். தன்னிடம் இருந்த தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டினாள். விட்டுப்போன இடங்களில் எல்லாம் சிவப்பு மையால் ஏ எழுதியிருந்தாள். முதல் தாள் அம்மை போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. அடுத்ததில் கொஞ்சம் குறைவு. அடுத்ததில் இன்னும் குறைவு. டீச்சர் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட்டாராம், வெந்த கையில் நார் எப்படிப் படுக்கிறது என்று புத்தகத்தில் படம் இல்லை, இந்தத் தாளில்தான் இருக்கிறது, வாராவாரம் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை. யாருடைய கை என்றும் அவர் சொல்லவில்லை. அந்தப் பெண் கூச்சத்தோடு, கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுத்தேன். மடி பார்க்கிற வீட்டுப் பெண், என் தழும்பை ஒரு விரலால் மெதுவாக, நார் ஓடுகிற திசையிலேயே தடவினாள். நான் அவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு வெட்கமாகவும் இருந்தது.

பொங்கலுக்கு முன்பு சூப்பரின்டெண்டென்ட் எதிரில் உட்கார்ந்து அடித்துக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திங்கட்கிழமை வந்துவிடு என்றார். அங்கிருந்து நேரே புத்தூருக்குத்தான் போனேன். பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் அனுமதித்திருந்தார்கள்.

கட்டில் தெரிந்தது, டீச்சர் தெரியவில்லை. கட்டிலோடு ஒட்டிக் கிடந்த உருவத்தைப் பார்த்து வேறு அறைக்கு வந்துவிட்டேனோ என்று திரும்பப் போனேன். "எங்க போறே?" என்ற குரல் மட்டும் பழைய குரலாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, புடவை யாருடையதோ மாதிரி கிடந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"குதிர்ல இருந்ததை எடுத்துச் சாப்பிட்டாச்சு. அதுக்குத்தானே வச்சிருந்தது. குச்சி மாதிரி இருந்திருந்தா இந்நேரம் ஊருக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு. இனிமே என்னை யாராவது குண்டுன்னு சொல்லட்டும்."

வேலை திரும்பக் கிடைத்த சேதியைச் சொன்னேன். குழவியைச் சொன்னேன், சிவப்பு மைத் தாள்களைச் சொன்னேன். அன்று உடம்பைப் பற்றிப் பேசினதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் எதற்கும் பிடி கொடுக்கவில்லை.

"அது ஆபீஸ்காரன் வச்ச பரீட்சை. இங்க வை கையை."

கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்து வைக்கிற ஸ்டூல் இருந்தது. கையைக் குப்புற வைத்தேன். தகடு இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, தலைமாட்டில் இருந்த மருந்துச் சீட்டை எடுத்தார். அதை என் சுண்டுவிரலுக்கு அடியில் தள்ளினார். போயிற்று.

"காகிதம் போவுது" என்றார். நான் தப்பு செய்தது மாதிரி பார்த்தார். பிறகு தன் கையை என் விரல் மேல் வைத்து அமுக்கினார். அமுக்குகிறார் என்பது அவர் உதடு இறுகினதில்தான் தெரிந்தது. என் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எலும்பும் தோலுமாக ஒரு கை அங்கே கிடந்தது, அவ்வளவுதான். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் அவர் கையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். என் வலது கையை என் இடது கை மேல் வைத்தேன். எழுந்து நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கினேன். வலிக்கிற இடம் வந்தது. வலது கை நிற்கப் பார்த்தது, நான் விடவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருந்துச் சீட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை. இன்னும் ஒரு தடவை, தன்னால் முடிந்த மட்டும் இழுத்துப் பார்த்தார். சீட்டின் நுனி கிழிந்து அவர் கையோடு போயிற்று, மிச்சம் என் விரலுக்கு அடியில் இருந்தது.

"ம்" என்றார். "நாளைக்கும் வா."